மாமன் மடி

சிம்பாங் பூலாய்,
9-3-1926

என் உயிரினும் இனிய தங்கை முத்தம்மாவுக்கும், மரியாதைக்குரிய மச்சான் அர்ச்சுனன் அவர்களுக்கும், செல்வ மருமகள் பாப்பாவுக்கும் அண்ணன் சன்னாசி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. முனியாண்டி காவலில் இங்கே நானும் தோட்டத்து ஜனங்களும் சௌக்கியம். மழை விடாத தைப்பிங்கிலிருந்து உங்கள் சௌக்கியமும் ஒரு வரியாக வந்தால் என் நெஞ்சு குளிரும்.

அன்று பாப்பாவின் காதுகுத்து நடுவில் நான் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறி வந்துவிட்டதற்குக் கோபிக்க வேண்டாம். முதல் நாள் தூக்கமில்லை. ரயிலில் குலுக்கல். பந்தலில் வெயில் வேறு. தலை சுற்றிவிட்டது. எனக்கும் வயது ஏறுகிறதல்லவா. மச்சான் அன்று எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தைகளை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இங்கே இலையுதிர் காலம் முடிந்து ரப்பர் மரங்கள் மறுபடி துளிர்த்துவிட்டன. பால் நன்றாக வடிகிறது. பாப்பாவின் காது ஆறிவிட்டதா? தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடு. பதில் எழுதச் சொல்லவும்.

உங்கள் அன்பை என்றும் மறவாத,
சன்னாசி


தைப்பிங்,
28-3-1926

மச்சான் சன்னாசி அவர்களுக்கு, முத்தம்மா சொல்ல அர்ச்சுனன் எழுதுவது. நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

முத்தம்மா சொல்கிறாள்: இடது காது ஆறித் தோடு போட்டாயிற்று. வலது காது மூளியாக இருக்கிறது. நெற்றியில் பட்ட வெட்டு தழும்பாகிவிட்டது. பாப்பா மற்றபடி நன்றாக விளையாடுகிறாள். நீங்கள் வேளைக்குச் சாப்பிட வேண்டுமாம். பனியில் வாசலில் படுக்கக் கூடாதாம்.

இனி நான் எழுதுவது. உங்களுக்கு எழுத்து நன்றாக வரும். தோட்டத்து லய வீடுகளில் யார் ஊருக்குக் கடிதம் போட வேண்டுமானாலும் உங்களிடம்தான் வருகிறார்கள், கூலியாக ஒரு மங்கு கள்ளு வாங்கி ஊற்றுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதே எழுத்தில்தான் எனக்கும் வெயில், குலுக்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியை நான் முத்தம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

நடந்ததை நான் எழுதுகிறேன். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தோம். ஆசாரி இடது காதைக் குத்தினார். வலது காதுக்கு ஊசியை எடுத்தபோது நீங்கள் ஆடினீர்கள். அப்படியே சாய்ந்தீர்கள். நீங்கள் கொண்டுவந்த சீர்த் தாம்பாளத்தின் விளிம்பிலேயே பிள்ளையின் நெற்றி மோதியது. உங்கள்மேலிருந்து வந்த கள் வாடை பந்தலின் கடைசி ஆள் வரைக்கும் போனது. என் ரயில்வே மேலதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்.

வரும் தையில் வலது காது குத்தப் போகிறோம். கோலா கங்சாரில் இருக்கும் முத்தம்மாவின் பெரியப்பா மகன் சீனியின் மடியில் உட்கார வைக்கலாம் என்றேன். கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது வேறொருவர் மடியா என்று அழுகிறாள். அவளுக்காக ஒன்று சொல்கிறேன். கள்ளை விட்டால் உங்கள் மடி. விடாவிட்டால் சீனி மடி.

இப்படிக்கு,
அர்ச்சுனன்


சிம்பாங் பூலாய்,
17-5-1926

அன்புத் தங்கைக்கும் மச்சானுக்கும் சன்னாசி வணக்கம் கூறி எழுதுவது. நான் சுகம். பாப்பாவுக்கு என் முத்தம்.

பதில் எழுதத் தாமதம். எழுத ஒன்றும் இல்லாமல் எழுதக் கூடாது என்று இருந்தேன். இப்போது இருக்கிறது.

ஈப்போவில் கள்ளை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று நடப்பதாகக் காதில் விழுந்தது. எங்கே என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். வெற்றிலைக் கடையில் கேட்க நின்றேன். ஆட்கள் இருந்தார்கள், புகையிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முடிவெட்டுகிறவரிடம் தெரிந்தவர் ஒருவருக்காக விசாரிக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கத்தியைக் கையில் பிடித்தபடி கடையே கேட்கச் சொன்னார்: "கள்ளை வுடுற கூட்டமா? அது கள்ளுக்கடைக்காரனுக்குத்தான் நல்லாத் தெரியும்லா. அவன்கிட்டப் போயிக் கேளுங்க."

வேறு வழியில்லாமல் அங்கேயே போய்க் கேட்டேன். கள்ளுக்கடைக்காரன் சிரிக்கவில்லை. "ஆத்தோரம் வண்ணார் வரிசை இருக்கில்ல, அதுக்குப் பின்னால பலகைக் கொட்டாய். ஞாயித்துக்கெழமை மத்தியானம். என் வாடிக்கை ஆளுங்க பாதிப் பேரு அங்கதான் போயி உக்காந்திருக்காங்க. உன் சிநேகிதனையும் வேணுமானா அனுப்பு" என்றான்.

அன்று கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் தடவை ஜெயபாலன் என்பவர் வெளியே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். ஈயக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. சலவைச் சட்டை, மேல்பொத்தான் வரை போட்டிருந்தார். அவரும் முன்பு சாக்கடையோரம் கிடந்தவர்தானாம், அவரே சொன்னார். உள்ளே ஒரு மாட்டுவண்டிக்காரர், இரண்டு வண்ணார், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொருவராக எழுந்து பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, குடியில் செய்ததைச் சொல்கிறார்கள். யாரும் யாரையும் திட்டுவதில்லை. நான் திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன். திட்டாமல் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. முடிந்ததும் ஆளுக்கு ஒரு மங்கு கோப்பி. குடித்தவர் தன் மங்கைத் தானே கழுவி வைக்க வேண்டும்.

என்னிடமும் பெயர், ஊர் கேட்டார்கள். சொன்னேன். பாப்பாவைப் பற்றியும் சொன்னேன். அதிலிருந்து தவறாமல் போகிறேன். கள்ளைத் தொடவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்தால் இப்போது வெற்றிலை போதும் என்கிறேன்.

இப்படிக்கு,
சன்னாசி


தைப்பிங்,
6-6-1926

மச்சான் அவர்களுக்கு அர்ச்சுனன் எழுதுவது. இவ்விடம் எல்லாரும் சுகம். பாப்பாவுக்கு இரண்டு நாள் சளி இருந்தது, விட்டுவிட்டது.

முத்தம்மா உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். கள்ளுக்கடைக்காரன் பேசியதற்குச் சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிறது. அண்ணனுக்கு நெஞ்சு சுத்தம், வாய்தான் கெட்டுப்போயிருந்தது என்கிறாள். சாமிக்கு விளக்குப் போட்டிருக்கிறாள்.

நான் சொல்வது: கூட்டத்துக்குப் போவதாக எழுதுவது சுலபம். உங்களுக்கு இன்னும் சுலபம். மாட்டுவண்டிக்காரரும் வாத்தியாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். உண்மையாகவும் இருந்தால் சந்தோஷம். தை வரட்டும், பார்ப்போம்.

பாப்பா மாமாவுக்கு ஒரு வார்த்தை எழுதச் சொன்னாள். என்ன வார்த்தை என்றால் சொல்லத் தெரியவில்லை. ஓடிவிட்டாள்.

இப்படிக்கு,
அர்ச்சுனன்


சிம்பாங் பூலாய்,
22-8-1926

பாசத்தின் உறைவிடமான தங்கை முத்தம்மாவுக்கும், குணத்தில் குன்றான மச்சான் அவர்களுக்கும், கண்மணி பாப்பாவுக்கும் சன்னாசி கோடி ஆசீர்வாதம் கூறி வரைந்துகொள்ளும் மடல். இங்கே யாவரும் க்ஷேமம். உங்கள் க்ஷேமத்தை முனியாண்டி காப்பாராக.

ஆடியில் முனியாண்டிக்குப் படையல் வெகு சிறப்பாக நடந்தேறியது. பக்கத்து லயத்துப் பத்துமலைதான் கிடா வெட்டினான். ஜனத்திரள் சொல்லி முடியாது. அதன் பிறகு மழை. மழையில் பாலுக்கு மரம் வெட்ட முடியாததால் லயத்திலேயே இருக்கிறோம்.

கூட்டத்துக்கு வாராவாரம் போய்வருகிறேன். ஜெயபாலன் ஐயா உங்களையெல்லாம் விசாரித்தார்.

வேறு விசேஷம் இல்லை.

தங்கள் அன்பின் நிழலில் வாழும்,
சன்னாசி


தைப்பிங்,
6-9-1926

சன்னாசி அவர்களுக்கு,

முத்தம்மாவும் பாப்பாவும் சுகம். என் சுகத்தைக் கேட்க வேண்டாம்.

சனிக்கிழமை ஸ்டேஷனில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். சலவைச் சட்டை போட்ட ஒருவர், மேல்பொத்தான் வரை போட்டிருந்தார், சரக்குக் கொட்டகைக்குள் வந்து எல்லாரும் கேட்கும்படி கேட்டார்: "இங்க அர்ச்சுனன்னு ஒருத்தரு வேலை பாக்குறாராமே, கள்ளை வுட்டவரு. எங்க கூட்டத்து ஆளு. தண்டவாள வேலையா ஈப்போ வந்திருந்தாரு. ஆடிக்கப்புறம் ஆளையே காணோம். மறுபடி வழுக்கிட்டாரோன்னு பாக்க வந்தேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். கூலிகள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். நான் வெற்றிலைகூடப் போடாதவன். அர்ச்சுனன் நான்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க இல்லீங்களே அது" என்றார். அவர் தேடிய அர்ச்சுனன் குனிந்துகொண்டே பேசுவாராம். அழகாகப் பேசுவாராம். பாப்பா என்ற பெண்ணின் காதைப் பற்றிச் சொல்லிவிட்டு அழுவாராம்.

பெயர், ஊர் கேட்டார்கள், சொன்னேன் என்று எழுதினீர்களே. யாருடைய பெயரைச் சொன்னீர்கள்? வாராவாரம் போகிறேன் என்று எழுதினீர்களே. எந்த வாரம்?

அன்றிலிருந்து கொட்டகையில் எனக்குப் பெயர் "கள்ளை வுட்டவரு". தலை தூக்கி நடக்க முடியவில்லை. பந்தலில் ஒரு தடவை, ஸ்டேஷனில் ஒரு தடவை. போதும். தை பத்தாம் தேதி காதுகுத்து. சீனிக்கு எழுதப் போகிறேன்.

அர்ச்சுனன்


தைப்பிங்,
11-10-1926

முத்தம்மா அக்காவின் அண்ணன் அவர்களுக்கு, பக்கத்து மளிகைக் கடை சலாஹுதீன் வீட்டுக்காரி சக்கீனா சலாம் சொல்லி எழுதுவது. அக்கா பகலில் வந்து சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

அண்ணே, நல்லாருக்கியா? சாப்பிடுறியா? ஒரு மாசத்துக்கு மேல ஆவுது, உன் எழுத்தைக் காணோம். செத்துக்கித்துப் போனியோன்னு தபால்காரன் வர்றப்பல்லாம் வாசலுக்கு ஓடுறேன்.

இவரு எழுதுனா நான் சொல்றதுல பாதிதான் எழுதுவாரு. அதான் சக்கீனாகிட்ட வந்தேன். இவருக்குத் தெரியாது.

அந்த ஜெயபாலன் ஐயாவை அன்னிக்கு இவரே வூட்டுக்குக் கூட்டியாந்துட்டாரு. கோவத்துல முகம் கறுத்துப் போச்சு, ஆனா வந்த மனுசனைச் சோறு போடாம அனுப்பலை. அவரு சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு: "அம்மா, பேரை மாத்திச் சொன்னது பெரிசில்லை. நானே மொதல்ல செத்துப்போன என் சித்தப்பன் பேரைத்தான் சொன்னேன். வழுக்கிட்டு வெக்கப்பட்டு வராம இருக்கிறதுதான் ஆளைக் கொன்னுடும். அவரு மங்கு ஆணியிலதான் தொங்குது. வரச் சொல்லுங்க."

நானும் உம்மேல கோவமாத்தான் இருக்கேன். எம்புருசன் பேரைக் கெடுத்துட்டே. தெருவுல பொம்பளைங்க என்னைப் பாத்து வாய்க்குள்ள சிரிக்கிறாளுங்க. ஆனா ஒண்ணு. அன்னிக்கு ராத்திரி இவரு படுத்துக்கிட்டு, "அழுதானாம்"னு ஒரே ஒரு தடவை சொன்னாரு. சீனி அண்ணனுக்கு எழுதுன கடுதாசி இன்னும் சட்டைப் பையிலேயே கெடக்குது. துவைக்கும்போது எடுத்து வச்சேன், மறுபடி எடுத்துப் பையிலே போட்டுக்கிட்டாரு.

பொய் எழுதாதே அண்ணே. அழகா எழுதாதே. போனியா, போகலியா, அதை மட்டும் எழுது.

முத்தம்மா


சிம்பாங் பூலாய்,
8-11-1926

முத்தம்மாவுக்கும் மச்சானுக்கும்,

நான் உயிரோடு இருக்கிறேன். பாப்பா எப்படி இருக்கிறாள்?

காதுகுத்தன்று எனக்கு வெயிலில் தலை சுற்றவில்லை. விடியுமுன்னே குடித்தேன். ரயிலிலும் குடித்தேன். சீர்த் தாம்பாளத்துத் தேங்காய்க்கு அடியில் ஒரு போத்தல் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். பந்தலுக்குப் பின்னால் போய் அதையும் குடித்துவிட்டு வந்துதான் பிள்ளையை மடியில் வாங்கினேன்.

பிள்ளை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்திருக்க முடியவில்லை. அதனால்தான் சொல்லிக்கொள்ளாமல் போனேன்.

கூட்டத்துக்குப் போனது மெய். ஆடிவரை கள்ளைத் தொடாததும் மெய். படையலன்று முனியாண்டி முன்னால் வைத்த கள்ளைப் பத்துமலை எடுத்துக்கொண்டு வந்தான். "இது கள்ளு இல்லைலா அண்ணே, பிரசாதம்" என்றான். சாமி காரியம், மறுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவன் கொண்டுவருவதற்கு முன்பே நான் எழுந்து கையை நீட்டிவிட்டேன். அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன இடம் வேறு. வாராவாரம் கூட்டத்துக்குப் போகிறேன் என்று உங்களுக்கு எழுதிய நாளிலும் குடித்திருந்தேன்.

மச்சான், பெயர் விஷயம். அன்று எழுந்து நின்றதும் என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. லயத்தில் சன்னாசி என்றாலே கள்ளுதான் ஞாபகம் வரும். குடிக்காத மனிதர் ஒருவர் பெயர் வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு நடையே வேறாக இருந்தது. பத்துக் கடிதம் எழுதினாலும் நான் செய்ததற்கு மன்னிப்பு ஆகாது. ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் ஆட்கள் முன்னால் சொல்லச் சொன்னால் சொல்கிறேன்.

முத்தம்மாவின் கடிதம் வந்த வாரமே மறுபடி போனேன். எழுந்து, சன்னாசி, சிம்பாங் பூலாய்த் தோட்டம் என்றேன். நான் செய்ததையெல்லாம் சொன்னேன், போத்தலையும் சேர்த்து. வாத்தியார் நகர்ந்து இடம் விட்டார். அன்றிலிருந்து குடிக்கவில்லை. இதை நம்ப வேண்டாம். போன தடவையும் இப்படித்தான் எழுதினேன்.

பாப்பாவைச் சீனியின் மடியிலேயே உட்கார வையுங்கள். அவன் நல்லவன். நான் வந்தால் பந்தலுக்கு வெளியே நின்று பார்க்கிறேன்.

சன்னாசி


தைப்பிங்,
19-12-1926

மச்சான் அவர்களுக்கு அர்ச்சுனன் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். நீங்கள் சுகமா? இது முத்தம்மா சொல்லி எழுதுவதல்ல. அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள். சக்கீனா வீட்டில் எழுதியது எனக்கு அன்றைக்கே தெரியும். கண்டுகொள்ளவில்லை.

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை முழுவதும் வாசித்துக் காட்டினேன். போத்தல் வரும் இடத்தில் நிறுத்தினேன். "படிங்க" என்றாள். படித்தேன். எழுந்து போய், அன்று நீங்கள் விட்டுப்போன தாம்பாளத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள்.

கொட்டகையில் இன்னும் என்னைக் கள்ளை விட்டவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழகிவிட்டது. ஒன்று நடந்தது. மூட்டை தூக்குகிற ஒருவன், பெயர் வேண்டாம், நான் தனியாக இருக்கும்போது வந்தான். "அண்ணே, அந்தக் கூட்டம் எங்கண்ணே நடக்குது? எனக்கில்லை, தெரிஞ்ச ஆளுக்கு" என்றான். நான் சிரிக்கவில்லை. வண்ணார் வரிசை, பலகைக் கொட்டகை என்று வழி சொன்னேன். தனியாகப் போகப் பயந்தான். போன ஞாயிற்றுக்கிழமை நானே ரயிலில் அவனைக் கூட்டி வந்தேன்.

ஆம், ஈப்போ வந்தேன். அவனை உள்ளே அனுப்பிவிட்டு வெளியில் நின்றேன். பலகைக்குப் பலகை இடைவெளி இருக்கிறது, எல்லாம் கேட்கிறது. நீங்கள் உங்கள் பெயரைச் சொன்னது கேட்டது. புதிதாக வந்தவனுக்குக் கோப்பி கொடுத்ததையும், உங்கள் மங்கைக் கழுவி ஆணியில் மாட்டியதையும் பார்த்தேன். உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். ஒட்டுக் கேட்டுவிட்டு எந்த முகத்தோடு கூப்பிடுவது? வந்துவிட்டேன்.

சீனிக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அவரும் விருந்தாளியாக வரட்டும். தை பத்தாம் தேதி காலையில் உங்கள் மடி.

ஆனால் ஒரு விஷயம் என் கையில் இல்லை. பாப்பாவிடம் மாமா மடியில் உட்கார்ந்து காது குத்தலாமா என்று கேட்டோம். நெற்றியைத் தடவிக்கொண்டு, "மாமா மடி ஆடுமா?" என்று கேட்கிறாள். முத்தம்மா ஆடாது என்று சொல்லப் போனாள். நான் தடுத்துவிட்டேன். அதற்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்.

உங்கள்,
அர்ச்சுனன்


சிம்பாங் பூலாய்,
9-1-1927

பாப்பாவுக்கு மாமா எழுதுவது. நீ நன்றாக இருக்கிறாயா? மாமா நன்றாக இருக்கிறேன். இதை அப்பா உனக்கு மெதுவாக வாசித்துக் காட்டுவார்.

மாமா மடி ஆடுமா என்று கேட்டாயாம். ஆடாது என்று எழுத எனக்குத் தெரியும். அழகாகவே எழுதுவேன். நாலு தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

போன தடவை ஆடியதற்குக் காரணம் மாமா குடித்த கள்ளு. உன் நெற்றியில் இருப்பது மாமா செய்த காயம். நீ ஒன்றும் செய்யவில்லை. நீ அழுததாலோ அசைந்ததாலோ விழவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதே.

இப்போது மாமா குடிப்பதில்லை. ஆனாலும் காலையில் எழுந்தால் கை நடுங்குகிறது, பால் வெட்டும் கத்தி நடுங்குகிறது. நீ உட்காரும்போதும் மடி நடுங்கலாம். அது பயத்தில். உனக்கு ஊசியிடம் பயம், மாமாவுக்கு உன்னிடம் பயம்.

அதனால் இப்படிச் செய்வோம். மாமா முதல் நாளே வந்துவிடுவேன். கொண்டுவரும் தாம்பாளத்தைக் கவிழ்த்து அப்பாவிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன். நீ கிட்டே வந்து மாமா வாயை மோந்து பார். பந்தலில் அப்பா ஒரு பக்கம், சீனி மாமா ஒரு பக்கம் உட்காரட்டும். அப்புறமும் உனக்கு வேண்டாம் என்று தோன்றினால், எல்லார் முன்னாலும் வேண்டாம் என்று சொல். மாமா எழுந்து உன்னைச் சீனி மாமா மடியில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொள்வேன். யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள். நானும் இந்தத் தடவை ரயிலேறிப் போய்விட மாட்டேன்.

உன் தாய்மாமன்,
சன்னாசி